ஒயரை மாத்தினாலும் சமாளிச்ச மெஷின்: யார் இந்த ராஸ் ஆஷ்பி?

கோளாறு வந்தா தானே சரிசெஞ்சுக்கிற கம்ப்யூட்டர் வேணும்னு 2001-ல் ஐபிஎம் சொன்னது. ஆனா, 1948-லேயே அப்படியொரு கருவியைச் செஞ்சு காட்டியவர், 1903-ல் லண்டனில் பிறந்த மனநல மருத்துவர் ராஸ் ஆஷ்பி!

பேரு ஹோமியோஸ்டாட். போரில் மிஞ்சிய விமானப்படைக் கருவிகளில் உருவான நாலு பெட்டி, ஒவ்வொன்றும் மற்றதோடு இணைப்பு. ஒயரை மாத்திப் போட்டா முள் தாறுமாறா ஆடும். எல்லை தாண்டினா சுவிட்ச் தானே மாறி, வேற வேற இணைப்பை முயன்று, ஒருவழியா அடங்கிடும். குருட்டு முயற்சிதான்.

தனி மெஷின் எதுக்கு, கம்ப்யூட்டரே போதுமேன்னு 1946-ல் ஆலன் டூரிங் கடிதம் எழுதியும் ஆஷ்பி மெஷினைத்தான் கட்டினார்.

பெட்டிகள் கூடக்கூட, சரியான இணைப்பைத் தேடவே யுகங்கள் ஆகும். இதையும் ஆஷ்பியே கணக்குப் போட்டார். எல்லாத்தையும் எல்லாத்தோடும் பிணைக்காம, பகுதி பகுதியா பிரிச்சு, அதது தன் கோளாறைத் தீர்த்துக்க விடணும். 1972-ல் மறைந்த ஆஷ்பி கண்ட வழி இது.