அய்ய நாடார்

பி. அய்ய நாடார் (1905 - 1982) தமிழ்நாட்டின் சிவகாசியைச் சேர்ந்த தொழிலதிபரும் கொடையாளரும் ஆவார். தம் உறவினர் ஏ. சண்முக நாடாருடன் இணைந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியவர். அவ்வூர் பின்னாளில் பட்டாசு உற்பத்தியின் மையமாக வளர இத்தொழிலே அடித்தளமாக அமைந்தது.

தொழில் கற்றல்

அக்காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த சிவகாசி, மழை குறைந்த, வேளாண்மைக்கு ஏற்பில்லாத பகுதியாகும். 1922 ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் தீப்பெட்டிகளின் மீதான இறக்குமதி வரி உயர்த்தப்பட்டதால் உள்நாட்டு உற்பத்திக்கு வாய்ப்பு உருவானது. அவ்வாண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, ஏறத்தாழ எட்டு மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். 1923 இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். முதலில் செருமனியிலிருந்து இயந்திரங்களைத் தருவித்தனர். பின்னர் கைத்தொழில் முறைக்கு மாறினர். கைத்தொழிலுக்கு முதலீடு குறைவு என்பதுடன், பலருக்கு வேலையும் கிடைத்தது. 1926 இல் இருவரும் பிரிந்தனர். அய்ய நாடார் அணில் சின்னத்திலும், சண்முக நாடார் காக்கைச் சின்னத்திலும் தீப்பெட்டிகளை விற்றனர்.

பட்டறையும் பாதுகாப்பும்

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாசுபரசும் பூசப்படுகின்றன. இவ்விரண்டும் கலந்தால் சிறு உராய்விலும் வெடிக்கும் என்பதால், இவற்றைத் தனித்தனி இடங்களில் கையாள்வது இத்தொழிலின் முதல் விதியாகும்.

1940 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொண்டு வந்தபின் பட்டாசு ஆலைகள் பெருகின. பட்டாசில் உலோகத் தூள்களும் சேர்க்கப்படுகின்றன. கம்பி மத்தாப்பில் இரும்பு, அலுமினியத் தூள்கள் பொறிகளைத் தருகின்றன. வெண்பொறிகளுக்கு டைட்டானியம் சேர்க்கப்படுகிறது. கட்டியாக இருக்கும்போது எளிதில் எரியாத இவ்வுலோகங்கள், நுண்ணிய தூளானதும் பரப்பு மிகுந்து விரைவாக எரிகின்றன. அலுமினியத் தூள் ஈரம் பட்டால் வெப்பத்தையும் ஐதரசன் வாயுவையும் வெளியிடும். எனவே உலோகத் தூளில் பற்றும் தீயை நீரால் அணைத்தல் கூடாது. உலர்ந்த மணலால் மூட வேண்டும். மருந்துக் கலவையைச் சிறிய அளவில் மட்டும் கலத்தல், பொறி எழுப்பாத மரக் கருவிகளைப் பயன்படுத்துதல், பருத்தி உடை அணிதல், அறைகளை இடைவெளி விட்டு அமைத்தல் ஆகியவை பின்பற்ற வேண்டிய முறைகளாகும்.

பொதுப்பணி

அய்ய நாடார் சிவகாசி நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். 1963 இல் சிவகாசியில் அய்ய நாடார் சானகி அம்மாள் கல்லூரியை நிறுவினார்.

தாக்கம்

அய்ய நாடாரின் மறைவுக்குப் பின், 1985 இல் சிவகாசி புதிதாக அமைந்த விருதுநகர் மாவட்டத்துடன் சேர்ந்தது. அவர் தொடங்கிய தொழில் வறண்ட நிலத்து மக்களுக்கு வாழ்வாதாரமானது. எனினும் சிறுவர்களை வேலைக்கு அமர்த்தியதால் இத்தொழில் கடும் கண்டனத்துக்கும் உள்ளானது. 1988 இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்ட இடங்களுள் சிவகாசியும் ஒன்றாகும். விபத்துகளும் தொடர்ந்தன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் ஏற்பட்ட வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.