எந்திரம் குறித்த இயல்: டேவிட் ரிக்கார்டோவின் வாழ்வும் கருத்து மாற்றமும்

தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தின் பொருளியல் சிந்தனையை உருவாக்கியோருள் ஆடம் ஸ்மித்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுபவர் டேவிட் ரிக்கார்டோ. இவர் ஆலை நடத்தியவர் அல்லர். தறியில் அமர்ந்தவரும் அல்லர். பங்குச் சந்தையில் பொருளீட்டியவர். அத்தகைய ஒருவரே, எந்திரம் தம் பிழைப்பைக் கெடுக்கும் என்ற தொழிலாளரின் அச்சம் அறியாமையன்று என்று எழுத நேர்ந்தது, பொருளியல் வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது.

1772ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் இலண்டனில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் ரிக்கார்டோ பிறந்தார். தந்தை ஆபிரகாம் பங்குத் தரகர். மகன் பதினான்காம் அகவையிலேயே தந்தையின் தொழிலில் சேர்ந்தார். பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. 1793இல் குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த பிரிசில்லா வில்கின்சனை மணந்தமையால் பிறந்த வீட்டின் உறவு முறிந்தது. இருபத்தொன்று அகவையில் தந்தையின் துணையின்றித் தனித்துத் தொழில் தொடங்கியவர், அரசின் போர்க்கடன் பத்திரங்களில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். வாட்டர்லூப் போருக்குச் சில நாட்களுக்கு முன் திரட்டப்பட்ட கடனிலும் அவருக்குப் பங்கிருந்தது. தமக்கென ஒதுக்கப்பட்ட பகுதியை முன்னதாகவே விற்றுவிடுமாறு கேட்டுக்கொண்ட நண்பர் மால்தஸ், பின்னர் வந்த பேரூதியத்தை இழந்தார், ரிக்கார்டோ இழக்கவில்லை.

1799இல் பாத் நகரில் தங்கியிருந்தபோது ஆடம் ஸ்மித்தின் நூல் தற்செயலாக அவர் கைக்கு வந்தது. அதன்பின் பத்தாண்டுகள் கழித்தே அவர் எழுதத் தொடங்கினார். 1814இல் குளோஸ்டர்ஷயரில் கேட்கம் பார்க் என்னும் பண்ணை மாளிகையை வாங்கினார். மறு ஆண்டு இயற்றப்பட்ட தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமை விலை குவார்ட்டர் ஒன்றுக்கு 80 ஷில்லிங் ஆகும்வரை அயல்நாட்டுக் கோதுமை வருவதைத் தடுத்தது. அது நிலக்கிழாருக்கு ஆதாயமாகவும் பிற வகுப்பாருக்குக் கேடாகவும் முடியும் என்று ரிக்கார்டோ வாதிட்டார். தாமே நிலக்கிழாராகிவிட்ட பின்னரும் அந்நிலைப்பாட்டினின்று அவர் மாறவில்லை.

ஜேம்ஸ் மில்லின் இடைவிடாத தூண்டுதலால் 1817இல் அவருடைய முதன்மை நூலான பொருளியல் கோட்பாடுகள் வெளிவந்தது. விளைபொருளின் மதிப்பு நிலக்கிழார், முதலாளி, தொழிலாளர் ஆகிய மூவகையாரிடையே எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே அந்நூலின் மையவினா. எந்திரம் குறித்துத் தனி இயல் அதில் அப்போது இல்லை. எந்திரத்தால் பொருள் மலிவாகும். மலிவு அனைவருக்கும் நன்மை. ஓரிடத்தில் வேலை இழந்தோர்க்கு வேறோரிடத்தில் வேலை கிட்டும் என்பதே அக்காலப் பொருளியலார் பலரின் துணிபு. ரிக்கார்டோவின் துணிபும் அதுவே.

நாட்டின் நிலை வேறாக இருந்தது. 1811 முதல் நாட்டிங்காம்ஷயரில் லுட்டைட்டுகள் பின்னல் எந்திரங்களை உடைத்தனர். 1812இல் எந்திர உடைப்புக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் ரிக்கார்டோ அயர்லாந்தின் போர்டார்லிங்டன் தொகுதி வழியாக நாடாளுமன்றம் புகுந்திருந்தார். அதன் வாக்காளர் ஒரு சிலரே. உறுப்பினர் பதவி பணத்தால் பெறப்பட்டது. தேர்தல் சீர்திருத்தம் வேண்டுமென அவையில் பேசிய ஒருவர் அவைக்கு வந்த வழி இது என்பது அக்கால அரசியலின் முரண். அவ்வாண்டு டிசம்பரில் ராபர்ட் ஓவனின் திட்டம் பற்றிய விவாதத்தின்போது, எந்திரப் பெருக்கம் தொழிலாளருக்குத் தீங்கு என்ற கருத்தை ஏற்க இயலாது என்றே அவர் அவையில் கூறினார்.

இரண்டாண்டுகள் கழியுமுன் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஜான் பார்ட்டன் 1817இல் வெளியிட்ட சிறுநூல் இம்மாற்றத்திற்கு ஒரு தூண்டுதல். 1821இல் வந்த மூன்றாம் பதிப்பில் எந்திரம் குறித்து 31ஆம் இயல் சேர்க்கப்பட்டது. தாம் முன்பு கொண்டிருந்த கருத்து தவறு என்று அதன் தொடக்கத்திலேயே அவர் ஒப்புக்கொள்கிறார்.

அவர் காட்டும் கணக்கு எளியது. ஒரு முதலாளியிடம் 20,000 பவுன் மூலதனம் உள்ளது. 7,000 கட்டடம், கருவிகளிலும் 13,000 கூலியிலும் இடப்படுகிறது. ஆண்டு இலாபம் 2,000. ஓராண்டு அவர் தம் ஆட்களில் பாதிப்பேரை எந்திரம் செய்ய ஏவுகிறார். ஆண்டிறுதியில் 7,500 பவுன் பெறுமான எந்திரமும் 7,500 பவுன் பெறுமான உணவு முதலிய பொருள்களும் உள்ளன. மொத்த மூலதனம் குறையவில்லை, இலாபமும் குறையவில்லை. ஆனால் தம் செலவுக்கு 2,000 எடுத்தபின் கூலிக்கு எஞ்சுவது 5,500 மட்டுமே. முன்னர் 7,500 பவுனால் வாழ்ந்தோர் அனைவரும் மிகையானோர் ஆகின்றனர். முதலாளியின் நிகர வருவாய் நிலைத்திருக்க, தொழிலாளரை வாழ்விக்கும் மொத்த விளைவு சுருங்கக்கூடும் என்பதே இதன் சாரம். எனினும் எந்திரத்தைத் தடுக்குமாறு அவர் கூறவில்லை. தடுத்தால் மூலதனம் அயல்நாடு செல்லும், அப்போது வேலை மேலும் குறையும் என்றார்.

இம்மாற்றத்தால் மிகவும் கலங்கியவர் அவருடைய மாணவர் போன்றிருந்த மெக்கல்லக். தொழிலாளருக்கு எந்திரத்தால் கேடு வரலாம் என்று முதலில் எண்ணியிருந்தவர் அவர். 1820இல் ரிக்கார்டோ எழுதிய கடிதத்தாலேயே அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, எந்திரத்திற்கு ஆதரவாக 1821 மார்ச்சில் எடின்பரோ ரிவ்யூ இதழில் எழுதினார். சில திங்களுக்குள் ஆசிரியரே எதிர்க்கரையில் நின்றார். ஆயிரக்கணக்கானோர் நம்பும் ஓர் அறிஞர் இவ்வாறு வெளிப்படையாகப் பின்வாங்குவது பொருளியலின் நம்பகத்தைக் குலைக்கும் என்பது மெக்கல்லக்கின் குறை. ரிக்கார்டோ நட்பை விடவில்லை, இயலையும் விடவில்லை. கருத்து மாறியபின் அதை மறைத்தல் தகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1823 மே 30 அன்று பருத்தி நெசவாளரின் விண்ணப்பம் அவையின் முன் வந்தது. விசைத்தறியின் போட்டியால் கைத்தறி நெசவாளர் கூலி வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. எந்திரப் பயன்பாடு உழைப்பாளரைச் சந்தையில் மிகுவித்து, ஓரளவேனும் அவர்களுக்குத் தீங்கு செய்யும் என்று, நான்காண்டுகளுக்கு முன் மறுத்துப் பேசிய அதே அவையில் ரிக்கார்டோ கூறினார். தடைச் சட்டத்தை மட்டும் அப்போதும் அவர் ஏற்கவில்லை. அக்கோடைக்குப் பின் கேட்கம் பார்க் திரும்பி, மதிப்பு பற்றிய ஆய்வுரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தவர், காதில் கண்ட நோய் முற்றி, செப்டம்பர் 11 அன்று 51ஆம் அகவையில் மறைந்தார். ஆய்வுரை முற்றுப்பெறவில்லை.