ஆக்ஸிஜன் கண்டவர் எழுதிய ஆங்கில இலக்கணம்

வேதியியல் பயில்வோருக்கு ஜோசப் பிரீஸ்ட்லியின் பெயர் புதிதன்று. ஆக்ஸிஜனைக் கண்டறிந்தோருள் அவரும் ஒருவர். ஆயினும், அப்பெருமகனார் அதற்கு முன்பே ஓர் ஆங்கில இலக்கண நூல் இயற்றியவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

பிரீஸ்ட்லி 1733-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகே, துணித் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து அத்தையிடம் வளர்ந்தார். அவருக்குத் திக்குவாய். அரசுத் திருச்சபையைச் சேராத குடும்பமாதலின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்கள் அவருக்கு எட்டாக் கனி. டேவன்ட்ரியில் பயின்று சமயப் போதகரானார். நான்ட்விச் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். அங்கிருந்தபோது தம் மாணவருக்காக எழுதிய இலக்கணம், 1761-இல் வினா விடை வடிவில் வெளிவந்தது. வழக்கே மொழிக்கு அளவுகோல் என்பதும், சட்டம் இயற்ற ஒரு கழகம் தேவையில்லை, சிறந்த வடிவம் தானே நிலைபெறும் என்பதும் அவர் கொள்கை.

ஆங்கில இலக்கணத்தில் நம்மை மிரட்டும் பகுதி ஒப்புமைப் படிகள். தமிழில் 'இதைவிட' என்று சொல்லிவிட்டால் போதும். 'பெரிய' என்ற சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ சொல்லே உருமாறுகிறது. சிறு சொல்லுக்கு 'எர்', 'எஸ்ட்' என்னும் விகுதிகள். நெடுஞ்சொல்லுக்கு முன்னே 'மோர்', 'மோஸ்ட்'. பெயரடையான 'குட்', வினையடையான 'வெல்' இரண்டும் 'பெட்டர்', 'பெஸ்ட்' என்றே முடிகின்றன. ஷேக்ஸ்பியரோ 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் 'மோஸ்ட்', 'எஸ்ட்' இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்திருக்கிறார்! இன்று நாம் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். வழக்கு மாறியது, விதியும் மாறியது.

1774 ஆகஸ்ட் 1 அன்று பிரீஸ்ட்லி, பாதரசத்தின் சிவந்த ஆக்ஸைடைக் குவிலென்சால் சூடாக்கி ஒரு வாயுவைப் பெற்றார். அதில் மெழுகுவர்த்தி மேலும் சுடர்விட்டு எரிந்தது. 'மேலும்' என்றால் எவ்வளவு? மறு ஆண்டு ஓர் எலியை அதனுள் விட்டார். அதே அளவு சாதாரணக் காற்றில் கால்மணி நேரமே வாழக்கூடிய எலி, இதில் அரைமணி நேரம் வாழ்ந்தது. வேறொரு சோதனையால் அளந்து, சாதாரணக் காற்றினும் ஐந்தாறு மடங்கு நல்லது இவ்வாயு என முடிவு கண்டார். எதனினும், எதில், எத்தனை மடங்கு என்ற மூன்றும் அவர் ஒப்புமையில் உண்டு. ஃப்ளோஜிஸ்டன் கொள்கையை இறுதிவரை அவர் விடாததால், சரியான விளக்கத்தைத் தந்து ஆக்ஸிஜன் என்று பெயரிடும் பேறு லவாய்சியருக்குப் போயிற்று. ஆயினும் அளவு பிழைபடவில்லை.

பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தமையால், 1791-இல் பர்மிங்ஹாமில் கலகக்காரர்கள் அவர் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் எரித்தனர். 1794-இல் அமெரிக்கா சென்றவர் 1804-இல் அங்கேயே மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆங்கிலம் சரளமாகப் பேசுவோரைச் சிறந்தவர் என்றும், தயங்குவோரைத் தாழ்ந்தவர் என்றும் எடைபோடும் வழக்கம் நம்மிடையே உண்டு. எதில் சிறந்தவர், எந்த அளவுகோலால் என்று கேட்பாரில்லை. நாத்திக்கிய ஒருவர் ஒரு மொழிக்கே இலக்கணம் வகுத்தார். நண்பர்களே, ஒப்புமைப் படிகளை அஞ்சாது கற்போம். மனிதரை ஒப்பிடுமுன் அளவுகோலைத் தேடுவோம்!