அட்டிலா திருமுழுக்குப் பெற்றிருந்தால்...

வத்திக்கான் அரண்மனைச் சுவரொன்றில் ரஃபேல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. ஒருபுறம் சலனமின்றி அமர்ந்திருக்கும் போப் முதலாம் லியோ. மறுபுறம் குதிரை மீதிருந்தவாறே மிரண்டு பின்வாங்கும் ஹூணர்களின் வேந்தர் அட்டிலா. வானத்தில் வாளேந்திய பேதுருவும் பவுலும். அதன் அச்சுப்படியைப் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வரலாற்று நூலில் பார்த்த நாள்முதல் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. ஓவியர் காட்டுமளவுக்கு அஞ்சியிருந்தால், அட்டிலா ஏன் அந்தச் சமயத்தையே தழுவவில்லை? தழுவியிருந்தால் ஐரோப்பாவின் வரலாறு எப்படி மாறியிருக்கும்?

நடக்காததைப் பற்றி யோசிப்பது வீண்வேலை என்று கருதுவோர் உண்டு. ஆனால், ஒரு பேரரசு ஏன் வீழ்ந்தது என்பதை அறிய, எது இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று கேட்பது நல்ல வழி என்றே நான் நினைக்கிறேன்.

கி.பி. 434-ஐ ஒட்டி, சிற்றப்பன் ருவாவின் மறைவுக்குப் பின் அட்டிலாவும் அண்ணன் பிளெடாவும் ஹூணர்களின் தலைமையை ஏற்றனர். டான்யூப் ஆற்றுக்கு வடக்கே, இன்றைய ஹங்கேரியின் சமவெளி அவர்களது இருப்பிடம். கிழக்கு ரோமப் பேரரசு அவர்களுக்கு ஆண்டுதோறும் 350 ராத்தல் பொன் கப்பம் கட்டி வந்தது. சகோதரர்கள் அதை 700 ஆக்கினர். அடுத்தடுத்த படையெடுப்புகளுக்குப் பின் அது 2,100 ராத்தலாக உயர்ந்தது. ஏறத்தாழ 445-இல் பிளெடா கொல்லப்பட, அட்டிலா தனியரசரானார்.

449-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்ற பிரிஸ்கஸ் என்ற வரலாற்றாசிரியர், அட்டிலாவின் விருந்தை நேரில் கண்டு எழுதிவைத்தார். விருந்தினருக்கு வெள்ளித் தட்டுகள், பொன் வெள்ளிக் கிண்ணங்கள். வேந்தருக்கோ மரத் தட்டும் மரக் கிண்ணமும். உடையிலும் வாளிலும் ஆடம்பரம் இல்லை. இதை வெறும் எளிமை என்று நான் கொள்ளவில்லை. பொன் தம் கைக்கு வருவது பிறருக்கு வழங்கத்தான் என்பதை அவர் சபையறியக் காட்டினார். கெபிடுகள், கிழக்குக் கோத்தியர் எனப் பல இனத் தலைவர்களை அவரோடு பிணைத்தவை இரண்டே: அவர் தரும் பரிசு, அவர் மீதான அச்சம்.

கிறிஸ்தவம் அட்டிலாவுக்குப் புதியதன்று. அவருக்குக் கீழிருந்த கோத்தியரிடையே அது முந்தைய நூற்றாண்டிலேயே பரவியிருந்தது. உல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோத்திய மொழியில் பெயர்த்திருந்தார். அட்டிலாவின் செயலர்களில் ஒருவரான ஒரெஸ்டஸ் ரோமக் குடிமகன். மார்கஸ் நகரின் ஆயர், ஹூண அரசர்களின் கல்லறைகளைக் கொள்ளையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டபோது, தம் உயிரைக் காத்துக்கொள்ள அந்நகரையே ஹூணர்களிடம் ஒப்படைத்தார். அட்டிலா கண்ட கிறிஸ்தவர்களில் இத்தகையோரும் இருந்தனர். மேலும், போர்த்தெய்வத்தின் வாள் தம்மிடம் வந்து சேர்ந்ததாக அவரே நம்பினார், பிறரையும் நம்பவைத்தார். உலகை வெல்லும் உரிமையை வானமே வழங்கிவிட்டதாகக் கருதியவருக்கு, இன்னொருவரிடம் மண்டியிட்டு ஆசி பெறும் தேவை எழவில்லை.

451-இல் அவர் கால் நாட்டுக்குள், அதாவது இன்றைய பிரான்ஸுக்குள் புகுந்தார். ரோமத் தளபதி ஏட்டியஸும் மேற்குக் கோத்தியரும் கட்டலோனியச் சமவெளியில் அவரைத் தடுத்து நிறுத்தினர். மறு ஆண்டு இத்தாலியில் அக்விலேயா நகரை அழித்தார். அப்போதுதான் போப் லியோ, ரோம அதிகாரிகள் இருவருடன் சென்று அவரைச் சந்தித்தார். அட்டிலா திரும்பிப் போனார். ஓவியம் அதை அற்புதமாக்குகிறது. ஆனால், அவரது படையை அப்போது பஞ்சமும் நோயும் வாட்டின. கிழக்குப் பேரரசர் மார்சியனின் படைகள் ஹூணர்களைத் தாக்கத் தொடங்கியிருந்தன. போப்பின் சொல்லுக்கு அவர் மதிப்பளித்திருக்கலாம். திரும்பிப் போக வேறு வலுவான காரணங்களும் இருந்தன.

453-இல், புது மணமகளுடன் கழித்த இரவில் ரத்தம் கக்கி அவர் இறந்துகிடந்தார். மறு ஆண்டே கெபிடுகளின் அரசர் அர்தாரிக் தலைமையில் அடிமை இனங்கள் கிளர்ந்தெழுந்தன. நெதாவோ ஆற்றங்கரைப் போரில் மூத்த மகன் எல்லாக் வீழ்ந்தார். 469-இல் இன்னொரு மகனான தெங்கிசிக்கின் தலை கான்ஸ்டாண்டிநோபிளில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

திருமுழுக்கு இதைத் தடுத்திருக்குமா? வரலாறே சில சான்றுகளைத் தருகிறது. அட்டிலா மறைந்து சுமார் அரை நூற்றாண்டுக்குப் பின், பிராங்கு இன அரசர் குளோவிஸ் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். 511-இல் அவர் இறந்தபோது நாடு நான்கு மகன்களிடையே பங்கிடப்பட்டது. ஆனாலும் பிராங்கு அரசு நிலைத்தது. மாறாக, ஏறத்தாழ 528-இல், கருங்கடல் கரையோர ஹூண அரசர் கோர்தாஸ் கான்ஸ்டாண்டிநோபிள் சென்று, பேரரசர் ஜஸ்டினியனையே ஞானத்தந்தையாகக் கொண்டு திருமுழுக்குப் பெற்றார். ஊர் திரும்பித் தம் மக்களின் வெள்ளித் திருவுருவங்களை உருக்கினார். அம்மக்களே அவரைக் கொன்றனர்.

ஒரே சடங்கு, ஒருவருக்கு அரசையும் மற்றவருக்குச் சாவையும் தந்தது. வேறுபாடு நகரங்களில் இருப்பதாக நான் கருதுகிறேன். குளோவிஸ் கைப்பற்றிய நகரங்கள் உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆயர். அவரைச் சுற்றி எழுத்தறிந்தோர், நிலக் கணக்கு, வழக்குத் தீர்க்கும் மரபு. திருமுழுக்கு அவ்வளவையும் அரசரின் பக்கம் சேர்த்தது. கோர்தாஸிடம் அப்படி எதுவும் இல்லை. பேரரசரின் பரிசும் தயவும் மட்டுமே இருந்தன.

அட்டிலாவோ நகரங்களை ஆளவில்லை, அழித்தார். அவர் பாழாக்கிய நாய்ஸஸ் நகரைக் கடந்து சென்றபோது, ஆற்றங்கரையில் எலும்புகள் இல்லாத இடத்தைத் தேடித் தங்க வேண்டியிருந்ததாகப் பிரிஸ்கஸ் பதிவுசெய்கிறார். அத்தகைய ஊரில் ஆயர் யாருக்காக, எதை நிர்வகிப்பார்? கான்ஸ்டாண்டிநோபிளிடம் திருமுழுக்குப் பெற்றிருந்தால், கப்பம் வாங்கியவர் பேரரசரின் ஞானமகனாகத் தாழ்ந்திருப்பார். கோத்தியரின் பிரிவைத் தழுவியிருந்தால், ரோமக் குடிமக்களின் கண்ணில் சமய எதிரியாகவே நீடித்திருப்பார். எப்படியும் அவருடைய அரசு அவரோடுதான் முடிந்திருக்கும் என்பதே என் முடிவு.

இதற்கு மறுப்பாக அதே சமவெளியின் பிற்கால வரலாற்றைச் சுட்டலாம். மேய்ச்சல் வாழ்விலிருந்து வந்த மாக்யார்களின் தலைவர் ஸ்டீபன், கி.பி. 1000-ஐ ஒட்டிக் கிறிஸ்தவ அரசராக முடிசூடினார்; ஹங்கேரி நிலைத்தது. ஆனால், அவர் முடிசூடியதோடு நிற்கவில்லை. மறைமாவட்டங்களை நிறுவினார், சட்டம் இயற்றினார், நாட்டை நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்தார். சமயம் வழி திறந்தது. அரசைக் கட்டியது அந்த உழைப்பு.

அட்டிலாவின் மகன்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அவரிடம் செயலராக இருந்த ஒரெஸ்டஸோ 475-இல் தம் மகனை மேற்கு ரோமின் அரியணையில் அமர்த்தினார். அந்த அரியணையும் மறு ஆண்டே பறிபோனது என்பது வேறு கதை. இப்போது ரஃபேலின் ஓவியத்தைப் பார்க்கும்போது வானத்து வாள்கள் என் கண்ணில் படுவதில்லை. ஒரே மனிதரைச் சுற்றி நிற்கும் அந்தப் பெரும்படையையே பார்க்கிறேன். அவர் இல்லாத மறுநாளைப் பற்றி அங்கே எவரும் சிந்தித்திருக்கவில்லை.