விழுந்து விழுந்து எழுந்த சைக்கிள் வீரர்

சைக்கிளில் மலை ஏறுவது கஷ்டம். மலையில் இருந்து இறங்குவது அதைவிட ஆபத்து.

ஏறும்போது மூச்சு வாங்கும், கால் கடுக்கும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறங்கும்போது அப்படி அல்ல. சைக்கிள் தானாகவே பறக்கும். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பாதாளம். முன்னால் கொண்டை ஊசி போன்ற வளைவு. பிரேக்கை முன்னதாகப் பிடித்தால், பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். பிந்திப் பிடித்தால் உயிர் போய்விடும்!

இப்படிப்பட்ட மலைப்பாதைகளில் 20 ஆண்டுகளுக்கு மேல் பந்தய சைக்கிள் ஓட்டியவர், இத்தாலி நாட்டு வீரர் பவுஸ்தோ கோப்பி.

அவருக்குத் தோள் எலும்பு ஒடிந்தது. இடுப்பு எலும்பு ஒடிந்தது. தொடை எலும்பு ஒடிந்தது. மண்டையிலும் அடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும், கட்டு அவிழ்த்ததும் அவர் தேடியது சைக்கிளைத்தான்.

கடைப் பையன்

இத்தாலியின் வடமேற்கில் பியத்மாந்த் என்ற பகுதி இருக்கிறது. அங்கே மலைச்சரிவில் காஸ்தெல்லானியா என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். அந்தக் கிராமத்தில், 1919-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ந் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பவுஸ்தோ பிறந்தான். ஐந்து குழந்தைகளில் அவனும் ஒருவன்.

ஒல்லியான பையன். நீண்ட கால்கள். நோஞ்சான் என்றே ஊரார் நினைத்தார்கள்.

வீட்டில் ஒரு பழைய சைக்கிள் கிடந்தது. துருப்பிடித்தது, பிரேக் கிடையாது. 8 வயதில், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றப் போய்விட்டான். பிடிபட்டான். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் சைக்கிள் விடக்கூடாது என்று பல தடவை எழுதும்படி தண்டனை கிடைத்தது. தண்டனையை எழுதி முடித்தான். ஆனால் சைக்கிளை மறக்கவில்லை!

13 வயதில் படிப்பு நின்றது. நோவி லிகுரே என்ற ஊரில் ஓர் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வாடிக்கைக்காரர் வீடுகளுக்குச் சைக்கிளில் இறைச்சி கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. மேடும் பள்ளமுமான சாலை. மற்றவர்களுக்கு அது வேலை. பவுஸ்தோவுக்கு அதுவே பயிற்சி.

அவனுடைய சித்தப்பா கப்பலில் அதிகாரி. அவருடைய பெயரும் பவுஸ்தோ கோப்பிதான். பையனின் ஆசையைப் பார்த்து, நல்ல சைக்கிள் வாங்க அவர் பணம் கொடுத்தார். 15 வயதில் பவுஸ்தோ முதல் பந்தயத்தில் ஓடி முதலாவதாக வந்தான். பரிசு என்ன தெரியுமா? 20 லிராவும், இறைச்சி வைத்த ரொட்டியும்!

கண் இல்லாதவர் கண்ட வீரன்

அந்தக் கடைக்கு வந்துபோனவர்களில் கவன்னா என்று ஒருவர் இருந்தார். முன்பு குத்துச்சண்டை வீரர். பார்வை போய்விட்டது. பந்தய வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்து வந்தார்.

பவுஸ்தோவின் கால்களையும் மார்பையும் கவன்னா விரல்களால் தடவிப் பார்த்தார். கண்ணுள்ளவர்களுக்கு நோஞ்சானாகத் தெரிந்த பையன், கண் இல்லாதவருக்குப் பெரிய வீரனாகத் தெரிந்தான். என்ன சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

1940-ம் ஆண்டு. இத்தாலியைச் சுற்றி நடக்கும் மாபெரும் சைக்கிள் பந்தயத்துக்குப் பவுஸ்தோ வந்தான். வயது 20. அந்தக் காலத்தில் இத்தாலியின் சைக்கிள் மன்னராக விளங்கியவர் ஜினோ பர்தாலி. பர்தாலிக்கு உதவியாளாகத்தான் பவுஸ்தோவைச் சேர்த்திருந்தார்கள். தலைவர் தாகம் என்றால் தண்ணீர் கொடுக்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் முன்னால் ஓடி மறைக்க வேண்டும். இதுதான் உதவியாளின் வேலை.

இரண்டாம் நாள், மலையில் இருந்து இறங்கும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. பர்தாலி விழுந்து காயம் அடைந்தார். பவுஸ்தோ முன்னேறினான். அபெத்தோனே மலையைத் தாண்டிய நாளில் தன்னந்தனியாக ஓடி முதலிடத்தைப் பிடித்தான். பந்தயம் முடிந்தபோது, உதவிக்கு வந்த பையனே வெற்றி வீரன்!

ஜூன் 9-ந் தேதி பந்தயம் முடிந்தது. மறுநாள் இத்தாலி உலகப்போரில் குதித்தது.

போர்க் கைதி

போர் நடந்தபோதும் கோப்பி சைக்கிளை விடவில்லை. 1942-ம் ஆண்டு கோடையில், மிலான் நகரப் பந்தய மைதானத்தில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, அதே மைதானத்தில், ஒரு மணி நேரத்தில் 45 கிலோ மீட்டருக்கு மேல் ஓடி உலக சாதனை செய்தார். குண்டு வீச்சுக்கு ஆளான நகரம் அது. அந்தச் சாதனையை 1956-ம் ஆண்டு வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

பிறகு அவரை ஆப்பிரிக்காவுக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1943-ம் ஆண்டு துனீசியாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். 1945-ம் ஆண்டுதான் விடுதலை கிடைத்தது. ஒரு பந்தய வீரனின் சிறந்த ஆண்டுகள் இப்படிப் பாழாயின.

கோப்பியின் கதை முடிந்தது என்றார்கள். 1946-ம் ஆண்டு மார்ச் மாதம் மிலான்-சான்ரெமோ பந்தயம். முதலாவதாக வந்தவர் கோப்பி. இரண்டாவதாக வந்தவர் அவருக்குப் பின் 14 நிமிஷம் கழித்தே வந்து சேர்ந்தார்!

அண்ணனும் தம்பியும்

கோப்பிக்கு ஒரு தம்பி. பெயர் செர்சே. மூன்றரை வயது இளையவர். அண்ணனைப் பார்த்து அவரும் பந்தய வீரர் ஆனார். இருவரும் ஒரே குழுவில் ஓடினார்கள்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அண்ணன் பேசமாட்டார்; சீக்கிரம் மனம் தளர்ந்துவிடுவார். தம்பி சிரித்த முகம். எல்லோரோடும் கலகலப்பாகப் பழகுவார். சைக்கிளில் அண்ணனின் திறமை தம்பிக்கு இல்லை. ஆனால் அண்ணன் சோர்ந்தபோதெல்லாம் தைரியம் கொடுத்தவர் தம்பிதான். 1949-ம் ஆண்டு, மிகக் கடினமான பாரிஸ்-ரூபே பந்தயத்தில் செர்சேயும் முதலிடம் பெற்றார். அந்த வெற்றியை மற்றொருவருடன் அவர் பகிர்ந்துகொள்ள வேண்டி இருந்தது.

அந்த 1949-ம் ஆண்டு கோப்பிக்குப் பொற்காலம். இத்தாலிப் பந்தயத்தில் ஒரே நாளில் ஐந்து மலைகளைத் தாண்ட வேண்டி இருந்தது. 192 கிலோ மீட்டர் தூரம் கோப்பி தனியாகவே ஓடினார். முன்னாலும் ஆள் இல்லை. பின்னாலும் ஆள் இல்லை. அன்று பர்தாலி கிட்டத்தட்ட 12 நிமிஷம் பிந்தி வந்தார்.

அடுத்த மாதம் பிரான்ஸ் நாட்டுப் பந்தயம். ஐந்தாம் நாள் கோப்பி விழுந்தார். சைக்கிள் நொறுங்கியது. அவருக்குப் பொருத்தமான மாற்றுச் சைக்கிள் அங்கே இல்லை. காத்துக் கிடந்தார். முதலில் இருந்த வீரருக்கும் அவருக்கும் இடையே அரை மணிக்கு மேல் வித்தியாசம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். குழுவினர் கெஞ்சி நிறுத்தினார்கள். நின்றார், ஓடினார். மலைகள் வந்ததும் ஒவ்வொருவராக முந்தினார். பாரிஸ் நகரம் வந்து சேர்ந்தபோது, 10 நிமிஷத்துக்கு மேல் முன்னால் நின்ற முதல் வீரர் கோப்பிதான்! ஒரே ஆண்டில் இத்தாலிப் பந்தயத்தையும் பிரான்ஸ் பந்தயத்தையும் வென்றவர் அதற்கு முன் யாரும் இல்லை.

எமனாக வந்த தண்டவாளம்

பிறகு அடிமேல் அடி.

1950-ம் ஆண்டு ஜூன் மாதம், இத்தாலிப் பந்தயத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்த படுக்கை ஆனார். குணமாகி வந்தார். 1951-ம் ஆண்டு மார்ச் மாதம் மீண்டும் விழுந்தார். இந்தத் தடவை தோள் எலும்பு.

அதே ஆண்டு ஜூன் 29-ந் தேதி, பியத்மாந்த் பந்தயத்தில் அண்ணனும் தம்பியும் ஓடினார்கள். துரின் நகரத்துக்குள் பந்தயம் நுழைந்தது. முடிவுக் கோடு பக்கத்தில்தான் இருந்தது. செர்சேயின் சக்கரம் டிராம் வண்டித் தண்டவாளத்தில் சிக்கியது. விழுந்தார். தலை அடிபட்டது.

ஆனால் உடனே எழுந்துவிட்டார். சைக்கிளில் ஏறிப் பந்தயத்தையும் முடித்தார். ஓட்டல் அறைக்கும் போய்ச் சேர்ந்தார். பெரிய காயம் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் விழுந்த விழுக்காடுகளோடு பார்த்தால், இது ஒரு விழுக்காடே இல்லை.

தலையில் படும் அடி அப்படித்தான் ஏமாற்றும். வெளியே ரத்தம் தெரியாது. உள்ளே ரத்தம் கசிந்து மூளையை அழுத்தும். சிறிது நேரத்தில் செர்சே நினைவு இழந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பயன் இல்லை. அன்றே உயிர் பிரிந்தது. வயது 28.

அந்தக் காலத்தில் வீரர்கள் துணித் தொப்பி போட்டுக்கொண்டுதான் மலைச்சரிவுகளில் பறந்தார்கள். பெரிய சாலைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயம் ஆனது 2003-ம் ஆண்டில்தான். இன்று காட்டு மலைச்சரிவில் கல்லிலும் வேரிலும் சைக்கிள் பந்தயம் விடும் பிள்ளைகள், முகத்தையும் மூடும் கவசம் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள். செர்சேக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பவுஸ்தோ கோப்பி இடிந்துபோனார். எலும்பு முறிந்தால் கட்டுப் போடலாம். தம்பி போனதற்கு என்ன கட்டுப் போடுவது? பந்தயமே வேண்டாம் என்று சொன்னார்.

ஆனாலும் சில நாட்களில் பிரான்ஸ் பந்தயம் தொடங்கியது. மனம் இல்லாமல் போனார். ஒரு நாள் கொடும் வெயிலில் வாந்தி எடுத்துத் தள்ளாடினார். அன்று அரை மணிக்கு மேல் பின்தங்கினார். குழுவினர் அவரை விட்டுப் போகாமல் கூடவே ஓடி ஊர் சேர்த்தார்கள்.

அப்படித் தள்ளாடியவர், சில நாட்கள் கழித்து இசுவார் என்ற பெரிய மலையைத் தாண்டும் நாளில் முதலாவதாக வந்தார்! பந்தயத்தில் பத்தாவது இடம்தான் கிடைத்தது. அதனால் என்ன? கோப்பி மீண்டும் சைக்கிளில் உட்கார்ந்துவிட்டார்.

பனிச் சுவர்களின் நடுவே

1952-ம் ஆண்டு இத்தாலிப் பந்தயத்தையும் பிரான்ஸ் பந்தயத்தையும் மறுபடி வென்றார். பிரான்சில் இரண்டாவதாக வந்தவரைவிட 28 நிமிஷம் முன்னால்! முதல் இடத்துக்குப் போட்டியே இல்லாமல் போனதால், பந்தயத்தில் ருசி குறையாமல் இருக்க இரண்டாவது பரிசுப் பணத்தைக் கூட்டினார்கள்.

1953-ம் ஆண்டு இத்தாலிப் பந்தயம் முடியப்போகும் நேரம். சுவிட்சர்லாந்து வீரர் கோப்லெத் 2 நிமிஷம் முன்னால் இருந்தார். கோப்பிக்கு வயது 33. இனி முடியாது என்று அவரே நினைத்தார்.

எதிரே ஸ்தெல்வியோ மலை. 2,700 மீட்டருக்கும் அதிக உயரம். ஒரே பக்கத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் மாதம் பிறந்தும் சாலையின் இரு புறமும் பனிச் சுவர். அங்கே கோப்பி கோப்லெத்தை விட்டுப் பிரிந்து மேலே பறந்தார். பின்னால் வந்த கோப்லெத், இறக்கத்தில் எட்டிப் பிடிக்கப் பார்த்து விழுந்தார். கோப்பி விழவில்லை. ஐந்தாவது முறையாக இத்தாலிப் பந்தயம் அவருக்கே. அதே ஆண்டு, லுகானோ நகரில் உலகச் சாம்பியன் பட்டமும் பெற்றார்.

பிறகு வாழ்க்கையும் இறக்கத்தில் ஓடத் தொடங்கியது. மனைவியைப் பிரிந்து, இன்னொருவர் மனைவியுடன் வாழ்ந்தார். அப்போது இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் கிடையாது. ஊர் தூற்றியது. வழக்கு நடந்தது. 1955-ம் ஆண்டு கோர்ட்டு இருவருக்கும் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது. ஆண்டு தவறாமல் விபத்துகளும் வந்தன. லாரியில் இருந்து கழன்று ஓடிவந்த சக்கரம் மோதி மண்டையில் அடி. 1957-ம் ஆண்டு தொடை எலும்பு முறிவு. அப்போதும் அவர் ஓய்வு பெறவில்லை. அதுதான் அவர் செய்த தவறோ, என்னவோ!

சின்னஞ்சிறு கொசு

1959-ம் ஆண்டு டிசம்பர் மாதம், மேற்கு ஆப்பிரிக்காவில் அப்பர் வோல்டா என்ற நாட்டுக்குச் சில வீரர்கள் போனார்கள். இன்று அதன் பெயர் புர்கினா பாசோ. காட்சிப் பந்தயம், பிறகு வேட்டை. கோப்பியும் போனார். பிரெஞ்சு வீரர் ஜெமினியானியும் போனார். இருவரையும் கொசு கடித்தது.

ஊர் திரும்பியதும் இருவருக்கும் கடும் ஜுரம். பிரான்சில் ஜெமினியானியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மலேரியா என்று தெரிந்தது. கொயினா மருந்து கொடுத்தார்கள். பிழைத்தார்.

இத்தாலியில் கோப்பியின் ஜுரத்தை மலேரியா என்று கண்டுபிடிக்கவில்லை. மார்புச் சளி ஜுரம் என்று வைத்தியம் செய்தார்கள். 1960-ம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ந் தேதி காலை, தோர்தோனா நகரில் கோப்பி இறந்தார். வயது 40. எத்தனையோ மலைகளால் முடியாததை ஒரு கொசு செய்துவிட்டது.

1965-ம் ஆண்டு முதல், இத்தாலிப் பந்தயத்தில் தாண்டும் மிக உயரமான கணவாய்க்குக் கோப்பி சிகரம் என்று பெயர் கொடுக்கிறார்கள். அவர் பிறந்து 100 ஆண்டு நிறைந்த 2019-ல், காஸ்தெல்லானியா கிராமத்தின் பெயரையே காஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றினார்கள்.

சைக்கிளில் அந்த மேட்டை ஏறி இன்றும் பலர் வருகிறார்கள். அங்கே அண்ணன் சமாதியும் தம்பி சமாதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.