இந்து சமுத்திரத்துக்கு ஒரு பூதத்தை எழுதியவர்

காட்சில்லா பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, ஜப்பானியர் ஒருவர் ஒரு படத்துக்கான கதைச்சுருக்கத்தை எழுதி வைத்திருந்தார். கப்பல்களைத் தாக்கும் ஓர் இராட்சத ஒக்டோபஸ் பற்றிய கதை. கதை நடக்கும் இடம் இந்து சமுத்திரம். ஒக்டோபஸை எங்கள் பக்கத்தில் பேய்க்கணவாய் என்போம். கல்முனைக் கடற்கரையில் நின்று பார்த்தால் தெரிகிற அதே சமுத்திரத்துக்கு, இங்கு ஒருநாளும் வந்திராத ஒருவர் பூதம் ஒன்றை எழுதியிருக்கிறார் என்று அறிந்தபோதுதான் அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் பெயர் எய்ஜி சுபுராயா. ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் காட்சில்லாவின் இயக்குநர் இஷிரோ ஹொண்டாவின் பெயரை மனனம் செய்திருந்தேன். அந்த மிருகத்தை நடக்கவைத்த சுபுராயாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

தேடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலிலிருந்து ஏதோ ஒன்று கரையேறி ஒரு சின்ன மீனவ ஊரைக் கலக்குவதும், அதைப் பார்த்து நாம் சிரிப்பதுமான திகில் நகைச்சுவைப் படங்கள் உலகெங்கும் வந்துகொண்டே இருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான், 10,000க்கும் மேல். அதன் பிறகு பல காலம் எங்கள் வீட்டில் கடலை வைத்துப் பகிடி விட முடியாது. உம்மம்மா அதட்டிவிடுவார். அப்படியிருக்க, இந்தப் படங்கள் எங்களைப் போன்ற ஊர்களைக் கேலி செய்கின்றனவா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருந்தது.

சுபுராயா 1901 ஜூலையில் ஃபுகுஷிமா மாகாணத்தின் சுகாகவா என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். 1910இல் ஜப்பானில் முதன்முதலாக விமானம் பறந்த செய்தி அந்தச் சிறுவனைப் பிடித்துக்கொண்டது. பத்திரிகைப் படங்களைப் பார்த்தே மாதிரி விமானங்கள் செய்தான். விமானியாக வேண்டும் என்று பறத்தல் பள்ளியிலும் சேர்ந்தான். 1917இல் அதன் பயிற்றுநர் விபத்தில் இறந்துபோக, பள்ளி மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, செரிப்பூ பார்க்கும் விருந்தொன்றில் தற்செயலாகச் சந்தித்த திரைப்படக்காரர் ஒருவர் இந்த இளைஞனைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். கமெராவுக்குள் வந்தது அப்படித்தான்.

1933இல் வெளியான கிங்கொங் அவருடைய பாதையைத் தீர்மானித்தது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றைப் பெற்று, ஒவ்வொரு சட்டகமாக ஆராய்ந்தார். ஆனால் அவர் கற்றுக்கொண்ட வித்தை முதலில் பயன்பட்டது பூதங்களுக்கல்ல, போருக்கு. 1942இல் தொஹோ நிறுவனம் வெளியிட்ட, ஹவாய் முதல் மலாயா வரையான கடற்போரைச் சொல்லும் படத்தில் பேர்ள் துறைமுகத் தாக்குதலைச் சிற்றுருக்களால் கட்டியெழுப்பினார். அது சுத்தமான போர்ப் பிரசாரம். போர் முடிந்த பின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து விலக்கியது. சில ஆண்டுகள் வீட்டையே வேலைத்தளமாக்கிக் காலம் தள்ளினார். அவரைக் கொண்டாடும் எழுத்துகள் பல இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. போருக்குள் வளர்ந்த எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. விமானத்தை நேசித்த ஒரு சிறுவனின் திறமை குண்டு போடும் விமானங்களை அழகாகக் காட்டப் பயன்பட்டது. அது நடந்ததுதான்.

1954 மார்ச் 1இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர் மீது படிந்தது. அந்த ஆண்டே தயாரிப்பாளர் டொமோயுகி தனகா, கடலிலிருந்து எழும் மிருகம் ஒன்றைப் படமாக்கத் தீர்மானித்தார். சுபுராயா தன் ஒக்டோபஸை முன்வைத்துப் பார்த்தார். அது எடுபடவில்லை, பல்லியினத்து மிருகமே தெரிவானது.

காட்சில்லா முதலில் தாக்குவது தோக்கியோவை அல்ல, ஓடோ என்ற கற்பனைத் தீவின் மீனவக் கிராமத்தை. மீன் படாத காலங்களில் இளம்பெண்ணைக் கடலுக்குப் பலி கொடுத்த பழைய வழக்கத்தைக் கிழவர் ஒருவர் நினைவுபடுத்துவார். அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். அன்றிரவு புயலோடு வீடுகள் நொறுங்கும். பின்னர் தோக்கியோவின் ஆஸ்பத்திரியில் காயப்பட்டவர்கள் தரையில் நிரம்பிக் கிடக்கும் காட்சி வரும். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

கிங்கொங் போல ஒவ்வொரு அசைவாகப் படமெடுக்கக் காலமும் இல்லை, காசும் இல்லை. ஆகவே 100 கிலோ அளவு கனத்த உடையொன்றுக்குள் ஹருவோ நகஜிமா என்ற நடிகரை நிறுத்தி, 25இல் ஒரு பங்கு அளவில் கட்டிய நகரத்தை மிதிக்கவைத்தார்கள். கமெராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்துச் சாதாரண வேகத்தில் காட்டினால் அசைவு மெதுவாகும். மெதுவானால் பாரம் தெரியும். தண்ணீர்தான் பெரும் தொல்லை. வீட்டைச் சிறிதாக்கலாம், படகைச் சிறிதாக்கலாம், நீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. வானிலிருந்து பார்க்கும் கடலுக்குச் சுபுராயா கண்டுபிடித்த வழி கடல்பாசி. ஆம், நோன்பு துறக்கும்போது எங்கள் வீடுகளில் துண்டு போட்டு வைக்கிற அதே கடல்பாசிதான். அதை உறையவிட்டு அலைமேற்பரப்பு செய்தார்.

இனி சிரிப்புக்கு வருகிறேன். 1962இல் கிங்கொங்கும் காட்சில்லாவும் மோதும் படம் வந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் சேரவில்லை என்று கவலைப்படும் மருந்துக் கொம்பனி முதலாளி ஒருவர், விளம்பரத்துக்காகத் தீவொன்றிலிருந்து பூதத்தைப் பிடித்துவரச் சொல்வதுதான் கதை. அந்தத் தீவின் கரையோரக் கிராமத்துக்குள் ஓர் இரவு இராட்சத ஒக்டோபஸ் ஊர்ந்து வருகிறது. இந்து சமுத்திரத்துக்கு எழுதிய பிராணி, கடைசியில் ஒரு பகிடிப் படத்துக்குள் கரையேறியது. அதற்கு உயிருள்ள ஒக்டோபஸ்களையே சிற்றுருக் குடிசைகள் மேல் விட்டார்கள். அவற்றில் ஒன்று படப்பிடிப்பு முடிந்ததும் சுபுராயாவின் இராச்சாப்பாடாகிவிட்டதாகச் சொல்வார்கள்.

பூதங்கள் ஒன்றுக்கொன்று பாறையை எறிந்து விளையாடும் காட்சியைப் படப்பிடிப்புக் குழுவினர் சிலரே நம்ப முடியாமல் பார்த்தார்களாம். ஹொண்டாவுக்கும் பூதங்களை மனிதர்போல ஆக்குவது பிடிக்கவில்லை. அவர் சீனாவில் போர்க்கைதியாக இருந்து, நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைப் பார்த்தவர். அவருடைய மனக்குறை எனக்கு விளங்குகிறது. சுபுராயா பிடிவாதமாக இருந்தார். பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவர்கள் இரவில் தூங்க வேண்டும் என்பதே அவர் பக்கத்து நியாயம். 1 கோடிக்கும் அதிகமானோர் ஜப்பானில் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

இந்த வழக்கில் நான் சுபுராயாவின் பக்கம். காரணம் சினிமாவில் இல்லை. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற பீதி கிழக்குக் கரையெங்கும் பரவியது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சில் ஊர் ஊராக ஆண்கள் பொல்லோடு கண்விழித்தார்கள். பெண்கள் சுபஹுத் தொழுகைக்கு முற்றத்துக் கிணற்றடியில் வுழூ செய்யவே பயந்தார்கள். சில மாதங்கள் கழித்து எங்கள் ஒழுங்கையில் சிறுவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கிறீஸ் பூதம் விளையாடினார்கள். பெரியவர்கள் முதலில் ஏசினார்கள். பிறகு அவர்களும் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் யாரையும் கேலி செய்யவில்லை. பூதத்தைத் தங்கள் உயரத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள். 25இல் ஒரு பங்காக என்று சொன்னாலும் பிழையில்லை.

1963இல் சுபுராயா சொந்த நிறுவனம் தொடங்கினார். 1966இல் தொலைக்காட்சிக்கு அல்ட்ராமேன் வந்தது. அங்கும் இரத்தம் சிந்தும் காட்சிகளை அவர் விரும்பவில்லை. ஓயாமல் வேலை செய்து உடம்பு கெட்டுப்போய், 1970 ஜனவரி 25இல் இத்தோ என்ற கடலோர ஊரில் தன் 68ஆவது வயதில் காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த படக்கதைகளில் ஒன்று பூதங்களைப் பற்றியதல்ல. அவருடைய சிறுவயதில் ஜப்பானில் விமானம் ஓட்டியவர்களைப் பற்றியது.