ஷாக்கிள்டனும் ஒரு தச்சரும்

வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு உபயோகமாக, ஒரு நல்ல மேலதிகாரிக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். முப்பத்து நான்கு வருஷம் தொழிற்சாலையில் குப்பை கொட்டியவன் என்பதால் என்னைப் பிடித்திருக்கிறார்கள். குணங்களை எண் போட்டு எழுதினால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். நானே உங்கள் வயதில் மலர் கைக்கு வந்ததும் குரூப் போட்டோவில் என் தலை தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன். அதனால் ஓர் ஆளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஷாக்கிள்டன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு பயிற்சி வகுப்பில். கம்பெனி செலவில் இரண்டு நாள், ஏ.சி. அறை, நல்ல சாப்பாடு. பயிற்சி கொடுக்க வந்தவர் ஓர் உறைந்த கப்பலின் படத்தைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். ஆபத்தான பயணத்துக்கு ஆட்கள் தேவை என்று ஷாக்கிள்டன் கொடுத்ததாகச் சொல்லப்படும் பத்திரிகை விளம்பரத்தையும் வாசித்துக் காட்டினார். அந்த விளம்பரத்தை எந்தப் பழைய பத்திரிகையிலும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. போகட்டும். அந்த மனிதரின் மிச்சக் கதைக்கு விளம்பரம் தேவையே இல்லை.

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1874 பிப்ரவரி 15ஆம் தேதி அயர்லாந்தில் பிறந்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள். தகப்பனார் டாக்டர், பையனும் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பையனோ பதினாறு வயதில் கப்பல் ஏறிவிட்டான். 1901ல் ஸ்காட் தலைமையில் போன அண்டார்க்டிகா பயணத்தில் இடம் கிடைத்தது. தென்துருவத்தை நோக்கி நடந்த மூவரில் அவரும் ஒருவர். உடம்பு கெட்டுப்போய், 1903ல் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த அவமானம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஊரில் இருந்தபோது அவர் தொட்டது எதுவும் விளங்கவில்லை. 1906ல் தேர்தலில் நின்றார், தோற்றார். வியாபாரம் செய்தார், பணம் போனது. வீட்டுக்கும் உருப்படியாகச் சம்பாதித்துப் போட்டவர் இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், வகுப்புகளில் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். தரையில் இப்படி இருந்த ஆள் பனியில் வேறு ஆளாக இருந்தார்.

1907ல் தானே ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு போனார். 1909 ஜனவரி 9ஆம் தேதி அவரும் இன்னும் மூன்று பேரும் துருவத்துக்கு 97 கடல் மைல் தூரத்தில் நின்றார்கள். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு தெற்கே போனதில்லை. இன்னும் கொஞ்சம் தம் பிடித்தால் துருவத்தைத் தொட்டுவிடலாம். ஆனால் திரும்பி வரச் சாப்பாடு இருக்காது. அங்கேயே கொடியை நட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். திரும்பும் வழியில் வயிற்றுப்போக்கில் துவண்டுபோன பிராங்க் வைல்டுக்குத் தன் பங்கு பிஸ்கட்டை வற்புறுத்திக் கொடுத்தார். ஒரே ஒரு பிஸ்கட். அந்தப் பட்டினியில் அது என்ன பெறும் என்பது வைல்டுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து சாகும்வரை வைல்ட் அவரை விடவில்லை.

துருவத்தை 1911 டிசம்பரில் நார்வேக்காரர் அமுண்ட்சென் தொட்டுவிட்டார். ஷாக்கிள்டன் வேறு திட்டம் போட்டார்: அண்டார்க்டிகாவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை குறுக்கே கடப்பது. கப்பலின் பெயர் எண்டூரன்ஸ். ஆட்களை அவர் எடுத்த விதம் வேடிக்கையானது. இயற்பியல் படித்த ஜேம்ஸ் என்ற இளைஞரிடம் பாடத் தெரியுமா என்று கேட்டார். இருட்டில் பல மாதம் ஒரே கூரையின் கீழ் கிடக்கப்போகிறவர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வார்களா என்பதுதான் அவருடைய கேள்வி. கப்பலில் விஞ்ஞானியும் டாக்டரும் மாலுமியோடு சேர்ந்து தளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நம்ம ஊரில் டிகிரி வாங்கியவனைத் துடைப்பம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி!

1914 டிசம்பர் 5ஆம் தேதி தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து கிளம்பினார்கள். அந்த வருஷம் பனி மோசம் என்று அங்கிருந்த திமிங்கில வேட்டைக்காரர்கள் எச்சரித்தார்கள். ஒரு மாதம் காத்திருந்தார், பிறகு கிளம்பிவிட்டார். 1915 ஜனவரியில் வெடல் கடலில் கப்பலைப் பனி பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. பத்து மாதம் பனியோடு மிதந்து, நொறுங்கி, அக்டோபர் 27ஆம் தேதி அதைக் கைவிட வேண்டியதாயிற்று. இருபத்தெட்டுப் பேர், மூன்று படகு, கொஞ்சம் கூடாரம். எந்த ஊருக்கும் தகவல் சொல்ல வழியில்லை.

அந்த முதல் இரவை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மென்மயிர்த் தோலால் ஆன கதகதப்பான தூக்கப்பைகள் பதினெட்டுதான் இருந்தன. மற்றவை வெறும் கம்பளி. சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஷாக்கிள்டனுக்கும் பெரும்பாலான அதிகாரிகளுக்கும் கம்பளிதான் விழுந்தது. மாலுமிகளுக்கெல்லாம் தோல் பை. சீட்டில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்பது மாலுமிகளுக்கே புரிந்துவிட்டது. விடிந்ததும் ஷாக்கிள்டனும் இன்னும் இரண்டு பேரும் பால் காய்ச்சிக் கூடாரம் கூடாரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

சொந்தச் சாமான் ஆளுக்கு இரண்டு பவுண்டு எடைக்கு மேல் கூடாது என்று உத்தரவு. முதலில் தன்னுடைய தங்க நாணயங்களை எல்லார் கண்முன்னாலும் பனியில் வீசினார். ஆனால் ஹஸ்ஸியின் பாஞ்சோவை, பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள அந்த வாத்தியத்தை, கட்டாயம் எடுத்துவரச் சொன்னார். சுணங்கக்கூடியவர்களையும் முணுமுணுப்பவர்களையும் தள்ளி வைக்காமல் தன் கூடாரத்திலேயே சேர்த்துக்கொண்டார். தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்று முகம் சுளிக்கக்கூடிய போட்டோகிராபர் ஹர்லியைத் தினமும் கூப்பிட்டு யோசனை கேட்டார்.

1916 ஏப்ரலில் பனி உடைந்து, படகுகளில் எலிபன்ட் தீவை அடைந்தார்கள். மண்ணை மிதித்து 497 நாளாகியிருந்தது. ஆனால் அது யாரும் எட்டிப்பார்க்காத பாறை. அங்கிருந்து ஆறு பேர், 22 அடி சொச்சம் நீளமுள்ள ஜேம்ஸ் கேர்ட் என்ற படகில், 800 கடல் மைல் தாண்டித் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கிளம்பினார்கள். திசை கண்டுபிடிக்க வோர்ஸ்லிக்கு வழியில் நாலே முறைதான் சூரியன் தெரிந்தது. படகில் யாராவது ஒருவர் அதிகமாக நடுங்குவது தெரிந்தால், ஷாக்கிள்டன் எல்லாருக்குமே சூடாகப் பால் கொடுக்கச் சொல்வார். தன்னால்தான் என்று அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவன் மனசு விட்டுவிடும்.

மே 10ஆம் தேதி கரை சேர்ந்தார்கள், தீவின் தவறான பக்கத்தில். யாரும் கடந்திராத மலைகளை அவரும் வோர்ஸ்லியும் கிரீனும் 36 மணி நேரம் நடந்து தாண்டினார்கள். நடுவில் இருவரையும் ஐந்து நிமிஷம் தூங்கவிட்டு எழுப்பி, அரைமணி நேரம் தூங்கியதாகச் சொல்லி நடக்க வைத்தார். அப்புறம் எலிபன்ட் தீவில் விட்டுவந்தவர்களை மீட்க மூன்று முறை கப்பல் எடுத்துப் போனார். மூன்று முறையும் பனி தடுத்தது. நாலாவது முறை, சிலி நாட்டுக் கடற்படையின் எல்சோ என்ற சின்னக் கப்பலில், லூயிஸ் பார்டோ என்பவர் ஓட்டிப்போக, ஆகஸ்ட் 30ஆம் தேதி கரை தெரிந்தது. தூரத்திலிருந்தே தலைகளை எண்ணினார். இருபத்திரண்டும் இருந்தன. எந்த நிமிஷமும் ஷாக்கிள்டன் வருவார் என்று வைல்ட் தினமும் காலையில் எல்லாரையும் படுக்கையைச் சுருட்டி வைக்கச் சொல்லியிருந்தார்.

வகுப்பில் கதை இத்துடன் முடிந்தது. எல்லாரும் கை தட்டினோம். நானும்தான்.

பல வருஷம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, நூலகத்தில் அவரைப் பற்றி விரிவாகப் படித்தபோதுதான் வகுப்பில் விட்டுப்போன இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, அண்டார்க்டிகாவின் மறுகரையில் அவருக்காக உணவு மூட்டைகளை வைக்கப்போன குழு. அவசரத்திலும் பணமுடையிலும் அனுப்பப்பட்டவர்கள். வராத ஆளுக்காக மூட்டைகளைச் சுமந்து வைத்துவிட்டு அவர்களில் மூன்று பேர் செத்துப்போனார்கள். ஷாக்கிள்டன் தன் ஆட்களில் ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்த மூன்று பேரை எண்ணுவதில்லை.

இன்னொன்று, தச்சர்.

ஹாரி மெக்நீஷ் ஸ்காட்லாந்துக்காரர். அவரும் 1874ல் பிறந்தவர்தான். கைதேர்ந்த தச்சர், கரடுமுரடான வாய். கப்பல் ஒழுக ஆரம்பித்தபோது குளிர்ந்த தண்ணீரில் இறங்கி நின்று தடுப்புச் சுவர் கட்டியவர். கப்பலைக் கைவிட்டதும், உணவு போதாது என்று அவர் வளர்த்த பூனையைச் சுடச் சொன்னார் ஷாக்கிள்டன். திருமதி சிப்பி என்று பெயர். ஆனால் ஆண் பூனை. மெக்நீஷ் அதை மன்னிக்கவே இல்லை.

1915 டிசம்பர் 27ஆம் தேதி, படகுகளைப் பனியில் இழுத்துக்கொண்டு போகும்போது மெக்நீஷ் நின்றுவிட்டார். கப்பல் மூழ்கிவிட்டது, கப்பலோடு ஒப்பந்தமும் போயிற்று, இனி யார் உத்தரவுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று வாதாடினார். இழுத்தால் படகு சேதமாகும் என்பதும் அவர் கட்சி. ஷாக்கிள்டன் எல்லாரையும் கூட்டி, கரை சேரும்வரை சம்பளமும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு என்று தெளிவாகச் சொல்லி அடக்கினார். அந்தச் சமயத்தில் அதைத் தவிர வேறு வழியில்லை. நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இரண்டு நாளில் பனி மோசமாகி, இழுப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஜேம்ஸ் கேர்ட் படகு 800 கடல் மைல் தாங்கியதே, அதற்குக் காரணம் இதே மெக்நீஷ். பக்கங்களை உயர்த்தினார். பெட்டி மூடிகளையும் சறுக்குவண்டிக் கட்டைகளையும் கித்தானையும் வைத்து மேல்தளம் போட்டார். விளக்குத் திரி, ஓவியச் சாயம், சீல் ரத்தம், கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து இடுக்குகளை அடைத்தார். அந்த ஆறு பேரில் அவரும் ஒருவராகப் போனார். மலையேறப் போன மூவருக்கும் வழுக்காமலிருக்க, படகிலிருந்து திருகாணிகளைக் கழற்றி பூட்ஸில் பதித்துக் கொடுத்ததும் அவர்தான்.

ஊர் திரும்பியதும் துருவப் பதக்கத்துக்குப் பெயர்கள் போயின. நான்கு பேருக்குப் பதக்கம் இல்லை. அதில் ஒருவர் மெக்நீஷ். கப்பல் டாக்டர் மாக்லின் பிற்காலத்தில் இதைப் பெரிய அநியாயம் என்றே கருதினார். நடுங்குகிறவனின் மனசு நோகக்கூடாது என்று ஆறு பேருக்கும் பால் கொடுத்த அதே மனிதர், எல்லார் முன்னாலும் தன்னை எதிர்த்துப் பேசிய ஒருவரை மட்டும் மறக்கமாட்டேன் என்றுவிட்டார்.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆலையில் ஒரு ஃபிட்டர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு வருடாந்திர ஷட்டவுனில், பெரிய கியர் பாக்ஸை செயின் பிளாக் போட்டுத் தூக்க நான் திட்டம் போட்டேன். மேலே இருக்கிற பீம் தாங்காது சார், நான் தூக்கமாட்டேன் என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். கான்ட்ராக்ட் ஆட்கள், டிரெய்னிப் பையன்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். சாயந்திரம் யாருக்கும் தெரியாமல் பீமுக்குக் கீழே இன்னொரு முட்டுக் கொடுக்கச் சொன்னேன். அடுத்த இரண்டு ராத்திரியும் அந்த ஃபிட்டர்தான் வீட்டுக்குப் போகாமல் நின்று வேலையை முடித்தார். இரண்டு வருஷம் கழித்து சார்ஜ்மேன் பதவிக்கு நான் பெயர் எழுதி அனுப்பியபோது, அவர் பெயருக்கு நேரே ஒத்துழைப்பு போதாது என்று எழுதினேன். ஃபிட்டராகவே ஓய்வு பெற்றார். கடைசிச் சம்பளத்தை வைத்துத்தானே கிராஜுவிட்டி கணக்குப் போடுகிறார்கள்? ஆக, அதிலும் கை வைத்தவன் நான்தான்.

ஷாக்கிள்டன் 1921ல் மறுபடி தெற்கே கிளம்பியபோது எண்டூரன்ஸ் ஆட்களில் எட்டுப் பேர் கூட வந்தார்கள். பழைய சம்பள பாக்கி முழுசாக வராதவர்களும் அதில் உண்டு. 1922 ஜனவரி 5ஆம் தேதி தெற்கு ஜார்ஜியாவில், கப்பலிலேயே, மாரடைப்பில் இறந்தார். வயசு 47, கடன் சுமார் 40,000 பவுண்டு. மனைவி எமிலியின் விருப்பப்படி அந்தத் தீவிலேயே புதைத்தார்கள். 2011ல் பிராங்க் வைல்டின் சாம்பலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். 2022 மார்ச்சில் எண்டூரன்ஸ் கப்பல் கடலுக்கடியில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்பக்கத்தில் பெயர் அப்படியே படிக்கிற மாதிரி இருந்தது. செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

மெக்நீஷ் நியூஸிலாந்துக்குப் போய், துறைமுக வேலை பார்த்து, கை கெட்டு, வறுமையில் 1930ல் வெலிங்டனில் இறந்தார். 2004ல் அவர் கல்லறைமேல் வெண்கலத்தில் நிஜ அளவில் ஒரு பூனை வைத்தார்கள். பதக்கம் கடைசிவரை வரவில்லை.

எங்கள் ஃபிட்டர் சொந்த ஊரில் இருக்கிறாராம். பழைய ஸ்டோர் கீப்பரிடம் விசாரித்தேன். நம் சந்திப்பு முடிந்து மறுநாள் நான் ஊர் திரும்பும் வழியில்தான் அந்த பஸ் நிறுத்தம் வருகிறது. இறங்கிக் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள் என்றார். போய் என்ன பேசப்போகிறீர்கள் என்று வீட்டுக்காரி கேட்கிறாள். பீமைப் பற்றித்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.